டக் (இழுவைப் படகு) இல்லாமல் கப்பலைக் கரையோடு அணைக்கும்போது, ஆஸ்டர்ன் (பின்னோக்கி ஓட்டம்) கொடுத்ததும் தலை ஏன் கரைப்பக்கம் ஓடுகிறது?

இரண்டாம்_வாட்ச் கேட்டது:

வணக்கம். 95 மீட்டர் நீளமுள்ள ஜெனரல் கார்கோ கப்பலில் சீஃப் மேட்டாக இருக்கிறேன். ஒரே ப்ரொபெல்லர், வலக்கை சுழற்சி (முன்னோக்கி ஓடும்போது பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசை), ஃபிக்ஸட் பிட்ச் (இறக்கைக் கோணம் மாறாது). என்ஜினை நிறுத்தித் திருப்பி ஓட்டினால்தான் ஆஸ்டர்ன் கிடைக்கும். சாதாரண சுக்கான், தலையைப் பக்கவாட்டில் தள்ளும் 300 கிலோவாட் பவ் த்ரஸ்டர், அவ்வளவுதான். நாங்கள் போகும் சின்னத் துறைமுகங்களில் பாதிக்கு மேல் டக் கிடையாது, இருந்தாலும் கூப்பிட ஆபீஸுக்கு மனம் வராது.

எங்கள் கேப்டன் நல்ல மனிதர், சமீபமாக என்னைக் கையாளச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறார். போன வாரம் இரண்டு கப்பல்களுக்கு நடுவே சுமார் 130 மீட்டர் இடைவெளி, ஸ்டார்போர்ட் (வலது) பக்கம் அணைக்க வேண்டும். சரக்கு இல்லாத காலிக் கப்பல். காற்று போர்ட் (இடது) பக்கத்திலிருந்து கரையை நோக்கி 20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) அளவில் அடித்துக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 15 டிகிரி கோணத்தில், 3 நாட் வேகத்தில் உள்ளே வந்தேன். முன்னால் கட்டியிருந்த கப்பல் நெருங்குவதைப் பார்த்து ஹாஃப் ஆஸ்டர்ன் கொடுத்தேன். கொடுத்த மாத்திரத்தில் தலை கரைப்பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. த்ரஸ்டரை முழுசாகப் போர்ட்டுக்குப் போட்டும் அது ஏதோ குளத்தில் கை அளைகிற மாதிரிதான் இருந்தது. கேப்டன் கையில் எடுத்துக்கொண்டார், மோதலைத் தாங்கும் ஃபெண்டர் ஒன்று நசுங்கியது, நல்லவேளை அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ப்ரொபெல்லர் வால் பக்கத்தை ஒரு புறம் இழுக்கும் என்பது பாடத்தில் படித்ததுதான். ஆனால் இவ்வளவு பலமாகவா? நான் எங்கே தப்பு செய்தேன், அடுத்த தடவை எப்படி வர வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.

பழைய_பைலட் எழுதியது:

தம்பி, ஃபெண்டரோடு போயிற்று என்றால் அதை டியூஷன் ஃபீஸ் என்று வைத்துக்கொள். நான் இதைவிட அதிகம் கட்டியிருக்கிறேன்.

நீ ஒரு தப்பு செய்யவில்லை, மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சேரவிட்டாய். முதலாவது நீயே சொன்னது. வலக்கை ப்ரொபெல்லர் பின்னோக்கிச் சுழலும்போது வால் போர்ட்டுக்குப் போகும், தலை ஸ்டார்போர்ட்டுக்கு வரும். உன் பெர்த் (கப்பல் அணையும் இடம்) ஸ்டார்போர்டில். அதாவது உன் பிரேக்கே உன் தலையைக் கரையில் கொண்டுபோய் இடிக்கும் வகையில் அமைந்த பெர்த் அது. போர்ட் பக்கம் அணைப்பதாக இருந்தால் இதே குணம் வரப்பிரசாதம், பதினைந்து இருபது டிகிரியில் வந்து ஆஸ்டர்ன் கொடுத்தால் வால் தானாக உள்ளே வந்து கப்பல் கரைக்கு இணையாக நின்றுவிடும். நீ போர்ட் பக்கத்துக்கான கோணத்தில் ஸ்டார்போர்ட் பெர்த்துக்கு வந்திருக்கிறாய்.

இரண்டாவது காற்று. உன் கப்பலில் குடியிருப்பு பின்னால் இருக்கிறது, காலிக் கப்பலாக இருந்ததால் முன்பக்கம் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றிருக்கும். கப்பல் பின்னோக்கி நகர ஆரம்பித்தால் அதன் திரும்பும் புள்ளி, பிவட் பாயின்ட், வால் பக்கம் நகர்ந்துவிடும். அப்போது வால் காற்றைத் தேடிப் போகும், தலை காற்றின் போக்கில் விழும். உன் காற்று போர்ட்டிலிருந்து. வால் போர்ட்டுக்கு, தலை கரைக்கு. ப்ரொபெல்லர் செய்த அதே வேலையைக் காற்றும் செய்தது.

மூன்றாவது, த்ரஸ்டர். முன்னோக்கி ஓடும் கப்பலில் பிவட் பாயின்ட் தலையிலிருந்து நீளத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தள்ளி இருக்கும். த்ரஸ்டரும் அங்கேயே கிட்டத்தில் இருக்கிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பார்த்திருக்கிறாயா? அதுதான். போதாததற்கு வேகம் இருக்கும்போது த்ரஸ்டர் வெளியே தள்ளும் தண்ணீர் நேராகப் போகாமல் கப்பலின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடிவிடும், தள்ளுவதில் நல்ல பங்கு வீண். நான்கைந்து நாட்டுக்கு மேல் த்ரஸ்டர் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 3 நாட்டிலும் பெரிதாக நம்ப முடியாது. காலிக் கப்பலில் அந்தக் குழாய் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டே வந்திருந்தால் காற்றையும் சேர்த்து உறிஞ்சியிருக்கும்.

இப்போது எப்படி வருவது என்று சொல்கிறேன். ஸ்டார்போர்ட் பெர்த்துக்குக் கரைக்கு ஏறக்குறைய இணையாக வா. கோணம் ஐந்தாறு டிகிரி போதும். கரையை நோக்கிக் காற்று இருந்தால் பெர்த் கோட்டைக் குறிவைக்காதே, ஒன்றரை இரண்டு கப்பல் அகலம் வெளியே குறிவை, மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். முக்கியமாக, ஆஸ்டர்ன் கொடுப்பதற்கு முன்னால் தலையை எதிர்ப்பக்கம் திரும்ப வை: சுக்கானை ஹார்ட் போர்ட் (முழுசாக இடது), என்ஜினில் சில விநாடி ஒரு கிக் அஹெட் (முன்னோக்கி ஒரு தட்டு). வால் கரைப்பக்கம் வர ஆரம்பிக்கும், தலை வெளியே போக ஆரம்பிக்கும். அந்தத் திருப்பம் நன்றாகப் பிடித்த பிறகு ஆஸ்டர்ன் கொடு. ப்ரொபெல்லரின் குணம் அந்தத் திருப்பத்தைத் தின்று தீர்க்கும், இரண்டும் ஒன்றையொன்று கழித்துக் கப்பல் நேராக நிற்கும். கணக்கு சரியாக வந்தால் பார்க்க அழகாக இருக்கும். முதல் இருபது தடவை சரியாக வராது.

இதில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வேகம்தான். 3 நாட் அதிகம். முன்னால் இருக்கும் கப்பல் பயமுறுத்தியதால் ஹாஃப் ஆஸ்டர்ன் கொடுத்தாய், ஹாஃப் கொடுத்ததால் ப்ரொபெல்லர் அவ்வளவு பலமாக இழுத்தது. ஒரு நாட்டில் வந்திருந்தால் டெட் ஸ்லோ (மிக மெதுவான) ஆஸ்டர்னே போதும், இழுப்பும் அந்த அளவுக்குத்தான் இருந்திருக்கும்.

சிம்_பிரியன் எழுதியது:

நான் கப்பல்காரன் இல்லை, கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் ஓட்டுகிறவன், சிரிக்காதீர்கள். ஒரு சந்தேகம். ஒரு நாட் வேகத்தில் சுக்கானே பிடிக்காதே? சிமுலேட்டரில் நான் மெதுவாக்கினால் கப்பல் கட்டை மாதிரி மிதந்து காற்றோடு போய்விடுகிறது, வேகமாக வந்தால் இடிக்கிறேன். அப்புறம் 300 கிலோவாட் என்பது 400 குதிரைத்திறன், அது ஒரு 95 மீட்டர் கப்பலின் தலையைப் பிடிக்கப் போதாதா?

பழைய_பைலட் எழுதியது:

சிரிக்கவில்லை, சரியான இடத்தில்தான் கையை வைத்திருக்கிறீர்கள். டக் இல்லாமல் அணைப்பதில் உள்ள முரண்பாடே அதுதான்: நிற்க மெதுவாக வர வேண்டும், திரும்ப வேகம் வேண்டும். அதற்கு விடை கிக் அஹெட். சுக்கான் பிடிப்பது கப்பல் ஓடுவதால் மட்டும் இல்லை, ப்ரொபெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கான் மேல் மோதுவதாலும்தான். ஆகவே சுக்கானை முதலில் முழுசாகப் போட்டுவிட்டு, ஐந்து பத்து விநாடி என்ஜினைத் தட்டிவிட்டு நிறுத்த வேண்டும். ஆயிரக்கணக்கான டன் எடை சட்டென்று முன்னோக்கி வேகம் எடுக்காது, ஆனால் வால் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பலர் சுக்கான் முழுசாகத் திரும்பும் முன்பே என்ஜினைக் கொடுத்துவிடுகிறார்கள், அப்போது கிடைப்பது வேகம் மட்டும்தான்.

த்ரஸ்டருக்கு மனக்கணக்கு ஒன்று சொல்கிறேன். 100 குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய ஒரு டன் தள்ளுவிசை. உங்கள் 400க்கு 4 டன், அதுவும் கப்பல் நின்றுகொண்டிருந்தால். காற்றுக்கு: வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 18ஆல் வகுத்தால் 1000 சதுர மீட்டருக்கு எத்தனை டன் என்று வரும். காலியாக நிற்கும் 95 மீட்டர் கப்பலுக்குப் பக்கவாட்டுப் பரப்பு 650 சதுர மீட்டர் என்று வைப்போம். 20 நாட் என்பது விநாடிக்குப் பத்து மீட்டர் சுமார். 100ஐ 18ஆல் வகுத்தால் 5.5, அதில் 0.65 பங்கு, மூன்றரை டன் சொச்சம். பார்க்க 4 டன்னுக்குள் அடங்குகிற மாதிரி இருக்கும். ஆனால் த்ரஸ்டர் தலையை மட்டும்தான் பிடிக்கும். வால் பக்கம் விழும் பாதிக் காற்றுக்கு உன்னிடம் இருப்பது சுக்கானும் கிக்கும் மட்டும். காற்று 30 நாட் ஆனால் இதே கணக்கு 8 டன்னைத் தொடும். காற்று ஒன்றரை மடங்கு, விசை இரண்டே கால் மடங்கு. தலைக்கு விழும் பாதியே த்ரஸ்டரின் முழு பலத்தைச் சாப்பிட்டுவிடும், திருப்ப ஒன்றும் மிஞ்சாது. நான் இந்தக் கணக்கைப் பெர்த்துக்கு வரும் முன்னாலேயே துண்டுச் சீட்டில் போட்டு வைத்துக்கொள்வேன். அங்கே போய் நின்றுகொண்டு போட மனம் ஓடாது.

கீழ்த்தளத்தான் எழுதியது:

மேலே இருக்கிறவர்கள் கிக், கிக் என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நான் என்ஜின் ரூம் ஆள்.

உங்கள் கப்பல் மாதிரி நேரடியாகத் திருப்பி ஓட்டும் என்ஜினில் ஒவ்வொரு ஸ்டார்ட்டும் அழுத்தக் காற்றில்தான் நடக்கிறது. பாட்டிலில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று கிளாஸ் (கப்பல் தரச் சங்கம்) விதி இருக்கிறது: அஹெட், ஆஸ்டர்ன் மாறி மாறி, மறுபடி நிரப்பாமல் 12 ஸ்டார்ட். கம்ப்ரெஸர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்தான், ஆனால் அது நிரப்புகிற வேகத்தைவிட நீங்கள் காலி செய்கிற வேகம் அதிகம். முன்பு ஒரு கப்பலில் கால் மணி நேரத்துக்குள் பதினாலு ஆர்டர் வந்தது, கடைசி ஆஸ்டர்னுக்குக் காற்று சீறியதே தவிர என்ஜின் பிடிக்கவில்லை. இரண்டாவது முயற்சியில் பிடித்தது. அந்த எட்டு விநாடியை நான் மறக்கவில்லை. மேலே இருந்தவருக்கு விஷயமே தெரியாது, ‘என்ன கொஞ்சம் லேட்டாக வந்தது’ என்று மட்டும் ஃபோனில் கேட்டார்.

கியர்பாக்ஸ் கிளட்ச் உள்ள கப்பலிலும், பிட்ச் மாற்றும் ப்ரொபெல்லர் உள்ள கப்பலிலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிட்ச் மாற்றும் வகையில் வேறு ஒன்று கவனிக்க வேண்டும். அங்கே தண்டு எப்போதும் ஒரே பக்கம்தான் சுழலும், இறக்கைதான் திரும்பும். ஆகவே ஆஸ்டர்னில் வால் எந்தப் பக்கம் போகும் என்பது மாறும். அந்த ப்ரொபெல்லர்களை இடக்கை சுழற்சியில் செய்வது அதனால்தான், பழகிய ஆளுக்குப் பழகிய பக்கமே போகட்டும் என்று. எல்லாக் கப்பலும் அப்படி இல்லை, கப்பலின் குணங்களை எழுதியிருக்கும் பைலட் கார்டைப் பாருங்கள்.

அப்புறம் தயவுசெய்து, த்ரஸ்டரைத் தொடும் முன்னால் இன்னொரு ஜெனரேட்டர் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். ஒற்றை ஜெனரேட்டரில் முழு த்ரஸ்டரைப் போட்டு விளக்கெல்லாம் அணைந்தால் சுக்கானும் சேர்ந்தே போகும். 2024 மார்ச் 26இல் பால்டிமோரில் டாலி கப்பலுக்கு நடந்தது தெரிந்ததுதான். டக்குகள் விலகிப் போன பிறகு மின்சாரம் போனது, பாலத்தின் தூணில் மோதி ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அது அணைக்கும்போது நடந்தது இல்லை, காரணமும் வேறு. ஆனாலும் பக்கத்தில் டக் இல்லாத கப்பலில் மின்சாரம் போவது எப்படி இருக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

ஏரிக்கப்பல் எழுதியது:

வட அமெரிக்கப் பேரேரிகளில் சில சீசன் ஓடியிருக்கிறேன். அங்கே 305 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம் உள்ள கப்பல்களே டக் இல்லாமல் அணைப்பதும் லாக்குக்குள் (நீர்மட்டம் மாற்றும் கதவுத் தொட்டி) நுழைவதும் அன்றாடம். சூ லாக்ஸில் போ லாக் அகலம் 33.5 மீட்டர். பக்கத்துக்கு முக்கால் மீட்டர் இடம். செயின்ட் லாரன்ஸ் கால்வாய் லாக்குகளில் 24.4 மீட்டர் அகலத்துக்குள் 23.8 மீட்டர் கப்பல் போகும், பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர்.

இதில் நான் கற்றது, நடுவில் தொடாமல் போக வேண்டும் என்று யாரும் முயல்வதில்லை. முதலில் ஒரு பக்கச் சுவரில் மெதுவாகச் சாய்த்து, அதையே ஒட்டிக்கொண்டு உள்ளே வழுக்கிக்கொண்டு போகிறோம். சுவரைத் தொடுவது தப்பு இல்லை, எந்த வேகத்தில் எந்தக் கோணத்தில் தொடுகிறாய் என்பதுதான் விஷயம். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கம் அல்லவா. விநாடிக்கு 10 சென்டிமீட்டரில் தொட்டால் யாருக்கும் காபி சிந்தாது, 30இல் தொட்டால் ஒன்பது மடங்கு.

இன்னொன்று. கயிறு பிடிக்கக் கரையில் ஆள் இல்லாத பெர்த்துகளில், ஒரு நீளக் கழியின் நுனியிலிருந்து கயிற்றில் தொங்கும் பலகையில் டெக் ஆளை உட்கார வைத்துக் கரையில் இறக்கிவிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது சர்க்கஸ் என்று நினைத்தேன், இரண்டாவது வாரம் நானே தொங்கினேன்.

சிம்_பிரியன் எழுதியது:

இதைப் படித்ததும் ஞாபகம் வந்தது: 1938இலும் 1953இலும் நியூயார்க்கில் டக் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது க்வீன் மேரி டக் இல்லாமலே அணைந்திருக்கிறது. 310 மீட்டர், பவ் த்ரஸ்டர் கிடையாது. நான்கு ப்ரொபெல்லர் இருந்தது என்பது உண்மைதான், ஒரு பக்கம் அஹெட், மறுபக்கம் ஆஸ்டர்ன் என்று திருப்ப முடியும். இருந்தாலும்!

துருநங்கூரம் எழுதியது:

யாரும் நங்கூரத்தைப் பற்றிப் பேசவில்லையே, ஆச்சரியமாக இருக்கிறது. தம்பி, உன்னிடம் இரண்டு டக் முன்னாலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது, வாடகை கிடையாது.

கரையை நோக்கிக் காற்று, ஸ்டார்போர்ட் பெர்த் என்றால் போர்ட் நங்கூரத்தை இறக்கு. பிடிப்பதற்காக இல்லை, தரையில் இழுபடுவதற்காக. தண்ணீர் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு சங்கிலி, அதிகம் போனால் இரண்டு மடங்கு. பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு ஷேக்கிள், அதாவது 27.5 மீட்டருக்குள்ளேயே வேலை முடியும். நங்கூரம் தரையில் உழுதுகொண்டே வரும், தலை காற்றில் விழாது. பிவட் பாயின்ட் தலைக்கே வந்துவிடும், ஆகவே வால் உன் கைக்குள் வந்துவிடும். எல்லாவற்றையும்விட, பின்னால் இழுக்கும் ஒரு சுமை இருப்பதால் என்ஜினைத் தொடர்ந்து டெட் ஸ்லோ அஹெட்டில் வைத்துக்கொண்டே அரை நாட்டில் ஊர்ந்து வரலாம். சுக்கானுக்கு எப்போதும் தண்ணீர் கிடைக்கும். கீழே இருக்கும் சார் பயப்படுகிற பதினாலு ஸ்டார்ட்டும் மிச்சம். கிளம்பும்போது சங்கிலியைச் சுற்றினால் தலை தானாக வெளியே வரும்.

இப்போதைய ஆட்கள் நங்கூரத்தைத் தொடுவதையே ஏதோ அவமானம் மாதிரி நினைக்கிறார்கள்.

பழைய_பைலட் எழுதியது:

முழுசாக ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மூன்று ‘ஆனால்’ சேர்க்க வேண்டும். சார்ட்டில் குழாயோ கேபிளோ இருக்கிற இடத்தில் கையை வைக்கவே கூடாது. அடியில் பாறை என்றால் உழாது, சிக்கும். கப்பலின் அடிப்பகுதிக்குக் கீழே தண்ணீர் குறைவாக இருந்தால் தன் நங்கூரத்தின் மேலேயே ஏறித் தன் வயிற்றையே கிழித்துக்கொள்ளலாம். அப்புறம், முன்னால் விண்ட்லஸில் (நங்கூரச் சங்கிலி இயந்திரம்) நிற்பவர் பழகியவராக இருக்க வேண்டும். அவசரத்தில் முதன்முறையாக இதை முயல்வது நல்லதில்லை. நல்ல வானிலையில், இடம் தாராளமாக இருக்கும் பெர்த்தில், கேப்டனிடம் கேட்டு இரண்டு மூன்று தடவை செய்து பார். நான் முப்பது வயதுக்கு மேல்தான் இதைக் கற்றேன், அதுவரை ‘அதெல்லாம் பழைய காலத்து வேலை’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

இரண்டாம்_வாட்ச் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோணமும் வேகமும் என்று இப்போது தெளிவாகப் புரிகிறது, த்ரஸ்டரைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டார்ட் எண்ணிக்கையைப் பற்றி எங்கள் சீஃப் என்ஜினியரிடம் கேட்டேன், ‘இத்தனை வருஷத்தில் மேலே இருந்து யாரும் கேட்டதில்லை’ என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒரு நாட்டுக்குக் கீழே வந்த பிறகு முன்னும் பின்னும் எவ்வளவு நகர்கிறோம் என்று கண்ணால் எப்படிப் பிடிப்பது? எங்கள் ஜிபிஎஸ் அந்த வேகத்தில் 0.3, 0.6 என்று குதித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, அதே பெர்த்திலிருந்து அதே காற்றில் கிளம்புவது எப்படி?

துருநங்கூரம் எழுதியது:

ஜிபிஎஸ்ஸை மறந்துவிடு. பிரிட்ஜ் விங்கில் (மேல்தளத்தின் பக்கவாட்டு நீட்சி) நின்று நேர் பக்கவாட்டில் பார். கிட்டத்தில் ஒரு போலார்ட் (கயிறு கட்டும் கட்டை), அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு விளக்குக் கம்பம், இரண்டும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி தேர்ந்தெடு. கோடு பிரிந்தால் நகர்கிறாய். எந்தப் பக்கம் பிரிகிறது, எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். பக்கவாட்டு நகர்வுக்கு அதே மாதிரி முன்னால் ஒரு ஜோடி.

கிளம்ப: முன் ஸ்பிரிங்கை (தலையிலிருந்து பின்னோக்கிக் கரைக்குப் போகும் கயிறு) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடு, தலைக்கயிறு ஒன்று கடைசி வரை இருக்கலாம். முன் தோளில் நல்ல ஃபெண்டர். சுக்கான் ஹார்ட் ஸ்டார்போர்ட், அதாவது கரைப்பக்கம், டெட் ஸ்லோ அஹெட். ஸ்பிரிங் கப்பலை முன்னேற விடாது, வால் வெளியே திறக்கும். கரையை நோக்கிக் காற்று இருப்பதால் முப்பது நாற்பது டிகிரி வரை கூடத் திறக்க வேண்டி வரலாம், சீக்கிரம் விட்டால் திரும்பக் கொண்டுவந்து ஒட்டிவிடும். திறந்ததும் ஸ்பிரிங்கை விட்டு ஆஸ்டர்ன். இங்கே பார், வரும்போது உன்னை இடிக்க வைத்த அதே ப்ரொபெல்லர் இழுப்பும், காற்றைத் தேடும் அதே வாலும், இப்போது உன் வாலைப் போர்ட்டுக்கு, கரையை விட்டு வெளியே இழுக்கும். பின்னோக்கி நகர ஆரம்பித்ததும் உன் த்ரஸ்டரும் திடீரென்று பலசாலி ஆகிவிடும். பிவட் பாயின்ட் வாலுக்குப் போய்விட்டது அல்லவா, கதவின் கீல் பக்கம் இல்லை, இப்போது கைப்பிடி பக்கம்.

ஸ்பிரிங்கில் பாரம் ஏறும்போது அந்தக் கயிற்றின் நேரிலோ அது வளைந்து போகும் இடத்திலோ ஒருவரும் நிற்கக் கூடாது. பாரத்தை மெதுவாக ஏற்று, என்ஜினைச் சட்டென்று கொடுக்காதே. அறுந்த கயிறு எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பார்த்தவன் நான், இங்கே எழுத விருப்பமில்லை.

கீழ்த்தளத்தான் எழுதியது:

ஆபீஸ் டக் கூப்பிட விடாது என்று முதலில் எழுதியிருந்தீர்களே, அதை யாரும் தொடவில்லை. சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஐந்தாம் அத்தியாயத்தில் 34-1 என்று ஒரு விதி உண்டு. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவை என்று கேப்டன் தன் தொழில் தெரிந்து எடுக்கும் முடிவைக் கப்பல் உரிமையாளரோ வாடகைக்கு எடுத்தவரோ கம்பெனியோ தடுக்கக் கூடாது. உங்கள் கேப்டனுக்குத் தெரிந்திருக்கும். பழைய பைலட் போட்ட காற்றுக் கணக்கைத் துண்டுச் சீட்டோடு நிறுத்தாமல் லாக் புக்கிலும் ஒரு வரி எழுதி வைத்தால், டக் வேண்டும் என்று கேட்கும்போதும், வேண்டாம் வெளியே காத்திருக்கிறேன் என்று சொல்லும்போதும் கையில் எண் இருக்கும். எண்ணைக் காட்டினால் ஆபீஸ் கொஞ்சம் மெதுவாகப் பேசும்.

இரண்டாம்_வாட்ச் எழுதியது:

நேற்று வேறொரு பெர்த், மறுபடி ஸ்டார்போர்ட் பக்கம், காற்று 12 நாட்தான். ஆறு டிகிரி, ஒன்றே கால் நாட், போர்ட் சுக்கானோடு ஒரு கிக், அப்புறம் ஸ்லோ ஆஸ்டர்ன். தலை நேராக நின்றது! ஆனால் பெர்த்துக்கு எட்டு மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டேன், கயிற்றில் இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை, விங்கிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் எத்தனை என்று மட்டும் கேட்டார். ஐந்து. அடுத்த துறைமுகத்தில் அடி சேறு, குழாய் எதுவும் இல்லை, நங்கூரத்தை இறக்கிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.